உப்பைக் கேட்ட பிள்ளை

மரக்காணத்தில் உப்பளத்தைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடை. சித்திரை மாதம், விடிகாலை ஐந்தேகால். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கிவிட வேண்டும் என்பதால் அளத்துக்குப் போகிறவர்களால் அந்த நேரத்துக்கே பெஞ்சு நிரம்பிவிடும். நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வோடு தூக்கமும் போனது. மிஞ்சியது காலை நடையும் இந்தக் கடை டீயும்தான்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா, "அரை டீ" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் பாதி கிளாஸ் ஊற்றி நீட்டிவிட்டார். தினசரி வழக்கம்போல. காசு மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கூட ஒரு பையன், ஐந்து வயது இருக்கும். மகள் வயிற்றுப் பேரன், பள்ளிக்கூடம் லீவு. கடை வாசலில் சாக்கு கிழிந்து சிந்திக் கிடந்த கல்லுப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கால்சட்டையில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஐஸ்கிரீம் தின்கிற சந்தோஷம்.

"பாருங்க சாரு. வூட்டுலயும் இதே கததான். உப்பு டப்பாவ ஒளிச்சி வெக்க வேண்டியிருக்குது. எங்க நைனா இந்த அளத்துலயே பொறந்து வளந்தவரு. நானும் அளம். இவன் அப்பன் என் தம்பிதான், அவனும் அளம். ரத்தத்துலயே ஊறி வந்துடுச்சா இது?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றுதான் வாயில் வந்தது. வாத்தியார் புத்தி. அப்பா உப்பு வாரினார் என்பதற்காக மகனுக்கு உப்பு நாக்கு வராது, கொல்லன் மகனுக்குப் பிறக்கும்போதே கை காய்த்திருக்காது என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனால் சொன்ன மறுநொடியே பால்டிமோர் பையன் ஒருவன் நினைவில் வந்து குறுக்கே நின்றான். அவன் கதையைச் சொல்லாமல் 'இல்லை' என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

அமெரிக்காவில் பால்டிமோர் ஊரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. மூன்றரை வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வயதுக்கு மீறிய உடல் வளர்ச்சி, ஆண்மைக்கான அடையாளங்கள் அந்த வயதிலேயே தெரிய ஆரம்பித்திருந்தன. மருத்துவமனைச் சாப்பாடு எல்லாருக்கும் எப்படியோ அப்படியே அவனுக்கும். ஏழாம் நாள் பையன் இறந்துபோனான். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பெற்றோரிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வயதிலேயே அவன் உப்பு பிஸ்கட்டின் மேல் இருக்கிற உப்பை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தைத் துப்புவான். கொஞ்சம் வளர்ந்ததும் உப்புக் குப்பியைக் கண்டுபிடித்தான். கொடுக்காவிட்டால் அழுகை, அடம். சாப்பாட்டில் போட்டது போக வெறும் உப்பே நாளுக்கு ஒரு டீஸ்பூன் தின்றான். ஒன்றரை வயதில் அவன் கற்றுக்கொண்ட முதல் சில சொற்களில் 'உப்பு' ஒன்று. இனிப்பு அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

லாசன் வில்கின்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் கர்ட் ரிக்டர் என்ற உளவியல் ஆய்வாளரும் 1940-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். பிணப் பரிசோதனையில் பையனுடைய அட்ரினல் சுரப்பி கெட்டிருந்தது தெரிந்தது. சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி அது. அதிலிருந்து வரவேண்டிய ஒன்று வராததால் அவன் உடம்பு உப்பைச் சிறுநீரில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கொட்டியதை அவன் வாய்வழியாக ஈடுகட்டிக்கொண்டு மூன்றரை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறான். வீட்டில் அடம் என்று தெரிந்தது, அவனுக்கு அவனே பார்த்துக்கொண்ட வைத்தியம். மருத்துவமனை அந்த வைத்தியத்தைத்தான், தெரியாமல், நிறுத்திவிட்டது.

அந்த அம்மா டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "அய்யோ பாவமே. புள்ளைக்கு எப்பிடி சாரு தெரிஞ்சிது, உப்பு திண்ணாத்தான் பொழைக்கலாம்னு?"

கேள்வி என்றால் இதுதான் கேள்வி. பையனுக்குத் தெரியாது. அவன் நாக்குக்கும் மூளைக்கும் தெரியும். ரிக்டர் இதை ஏற்கெனவே எலிகளில் பார்த்திருந்தார். அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலி சில நாட்களில் செத்துப்போகும். ஆனால் கூண்டில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தனித்தனியாக வைத்தால், அது உப்புத் தண்ணீரைத் தேடிக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். 1936-இல் வந்த ஆய்வு. பிறகு இன்னொன்றும் செய்தார். சுவை நரம்புகளை வெட்டிவிட்டார். அந்த எலிகளுக்கு உப்புத் தண்ணீர் எது என்று பிரித்தறிய முடியவில்லை, கூடுதலாகக் குடிக்கவும் இல்லை. எலிக்கு யாரும் உடலியல் பாடம் நடத்தவில்லை. உப்பு குறைந்தால் உப்பின் ருசி மாறுகிறது, அவ்வளவுதான். சாதாரண நாளில் முகம் சுளிக்க வைக்கும் உப்புக் கரிப்பு, உடம்பில் உப்பு இறங்கிய நாளில் தித்திப்பாகிவிடுகிறது. ஆசையை மாற்றிவிட்டால் போதும், காரியம் தானே நடந்துவிடும். உயிரியல் நம்மை ஆட்டிவைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்: 'செய்' என்று உத்தரவு போடுவதில்லை, 'பிடிக்கும்' என்று ஆக்கிவிடுகிறது.

அளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகத்தை விளக்குவது சுலபம். ஒருநாளில் சிறுநீரகம் வடிகட்டுகிற நீர் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அத்தனையும் வெளியே போனால் மனிதன் சாயங்காலம் வரை தாங்கமாட்டான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே இழுக்கப்படுகிறது. கடைசி மடையில் நின்றுகொண்டு எவ்வளவு விடலாம், எவ்வளவு மறிக்கலாம் என்று பார்க்கிற ஆள்தான் ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன். அட்ரினல் சுரப்பி அனுப்புகிற ஆள். லண்டனில் சில்வியா சிம்சன், ஜேம்ஸ் டெய்ட் என்ற இருவரும் மற்றவர்களும் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தது 1953-இல். பால்டிமோர் பையனுக்கு மடையில் ஆளே இல்லை.

நம் ஊரில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்போம். சூடு சொரணை இருக்கிறதா என்று அர்த்தம். உப்புக்கும் ரோஷத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள் சோதனைச்சாலை வைத்துப் போடவில்லை. ஆனால் இங்கிலாந்தில் மக்கேன்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் தானும் சில தன்னார்வலர்களும் உப்பில்லாச் சாப்பாடு சாப்பிட்டு, வியர்வையாகவும் உப்பை வெளியேற்றிப் பார்த்தார். சாப்பாட்டில் ருசி போனது, தசை இழுத்துப் பிடித்தது, எதிலும் நாட்டம் இல்லாமல் சோர்ந்து கிடந்தார்கள். உப்பு திரும்பியதும் ஆள் திரும்பினார்கள். கரி அடுப்பு மாதிரிக் கொதிக்கிற வெயிலில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டில் யார் பேசினாலும் எரிந்துவிழுகிற அல்லது பேச்சே இல்லாமல் சுருண்டுவிடுகிற ஆளை 'குணம் சரியில்லை' என்று சொல்வதற்கு முன்னால், அவன் எவ்வளவு வியர்த்தான் என்று கேட்பது நியாயம்.

சரி, ரத்தத்தில் ஊறி வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். பால்டிமோர் பையனுக்கு இருந்ததாக இன்று கருதப்படும் நோய்க்குப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்று பெயர். பெயர் பயமுறுத்தும், விஷயம் அவ்வளவு சிக்கல் இல்லை. ஆறாம் குரோமோசோமில் ஒரு மரபணு. ஒரே ஒரு நொதியைச் செய்வது அதன் வேலை. அந்த நொதி இருந்தால்தான் கொழுப்புச் சரக்கிலிருந்து ஆல்டோஸ்டிரோனும் கார்ட்டிசாலும் உருவாகும். இதில் வேடிக்கை, அந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதன் செயலிழந்த நகல் ஒன்று கிடக்கிறது. வாத்தியார் எழுதிப்போட்ட சரியான விடையும், பின்பெஞ்சுப் பையன் பிழையோடு எழுதியதும் அடுத்தடுத்து இருப்பது மாதிரி. தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்கும்போது சில சமயம் கண் தவறி, பிழையான நகலிலிருந்து வரிகள் நல்ல மரபணுவுக்குள் வந்துவிடும். இந்த நோயைத் தரும் மாற்றங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவை.

ஆனால் ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு உண்டு, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. ஒன்று கெட்டாலும் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, நூறு வயது வாழலாம். கெட்டது வைத்திருக்கும் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால்தான், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

இங்கேதான் கொஞ்சம் தயங்கினேன். அந்த அம்மா மகளைத் தன் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். தாய்மாமன் கல்யாணம். நம் பக்கத்தில் முறை என்றாலே அதுதானே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் உறவுக்குள் திருமணம் தமிழ்நாட்டில் 28 சதவீதம், நாட்டிலேயே அதிகமான மாநிலங்களில் நாமும் ஒன்று. அரிய மரபணுப் பிழை ஒரே குடும்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், மாமனும் மருமகளும் அதே பிழையை வைத்திருக்கும் வாய்ப்பு, வெளியில் பெண் எடுப்பதைவிடக் கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தது. இந்த நோய் மொத்தத்தில் 5,762 பேருக்கு ஒருவர். சென்னையில் மட்டும் 2,036-க்கு ஒருவர். மும்பையில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில். கண்டறியப்பட்ட குழந்தைகள் மொத்தமே சில பேர்தான் என்பதால் இந்த எண்களை வைத்துக்கொண்டு மேடை ஏறக் கூடாது. ஆனாலும் சென்னை எண் கண்ணில் படாமல் போகாது.

அம்மா பையனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லாமல் டீயை உறிஞ்ச முடியுமா?

"பயப்படாதீங்கம்மா. அந்த நோவு இருந்தா பெரும்பாலும் பொறந்த ரெண்டு மூணு வாரத்துலயே காட்டிக்கொடுத்துடும். பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், துவண்டுபோயிடும். உங்க பேரன் அஞ்சு வயசு வரைக்கும் ஆடி ஓடிக்கிட்டு இருக்கான். ஆனா ஒண்ணு, எப்பவாவது உப்பு தேடறதோட சேந்து சோர்வு, அடிக்கடி வாந்தி, எடை குறையறது, காரணமில்லாம தோல் கறுக்கறதுன்னு தெரிஞ்சா உடனே பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"வெய்யில்ல சுத்தி சுத்தி அவன் கறுப்புதான் சாரு" என்று சிரித்தார். சிரிப்பு வந்ததில் எனக்கு நிம்மதி.

அந்த நோய்க்கு மருந்து வந்ததும் ஒரு கதை. பையனை இழந்த அதே வில்கின்ஸ், பத்து வருஷம் கழித்து 1950-இல், கார்ட்டிசோன் கொடுத்தால் இந்த நோய் கட்டுக்குள் வரும் என்று காட்டினார். இன்று இரண்டு மாத்திரைகள். கைக்குழந்தைகளுக்குக் கூடவே அளந்து கொடுக்கிற உப்பு. ஆமாம், உப்பே மருந்துச் சீட்டில் ஏறும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும், வேலைக்குப் போகும், பேரன் எடுக்கும். பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் அந்தக் குதிகால் சொட்டுச் சோதனை நாடு முழுக்க இன்னும் இல்லை என்பதுதான் வருத்தம்.

இந்த நோய் உளவியல்காரர்களுக்கு இன்னொரு கதவையும் திறந்துவிட்டது. அளத்தில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் சும்மா நிற்காது, பக்கத்து வாய்க்காலில் பாயும். நொதி இல்லாததால் தேங்கிய சரக்கு ஆண் ஹார்மோனாக மாறுகிறது. தாய் வயிற்றிலேயே அது நடக்கிறது. கரு பெண்ணாக இருந்தாலும் வழக்கத்தைவிட அதிக ஆண் ஹார்மோனில் வளரும். அப்படிப் பிறந்து, மருந்து எடுத்துக்கொண்டு, பெண்ணாகவே வளர்க்கப்பட்ட மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான சிறுமிகளை ஷெரி பெரென்பாமும் மெலிசா ஹைன்ஸும் ஒரு அறையில் பொம்மைகளோடு விட்டுப் பார்த்தார்கள். 1992-இல் வந்த ஆய்வு. அவர்கள் கார், லாரி, கட்டைகள் பக்கம் அதிக நேரம் போனார்கள். நோய் இல்லாத அவர்களுடைய உறவுக்காரச் சிறுமிகள் அவ்வளவு போகவில்லை. பெற்றோர் பையன் மாதிரி நடத்தியதால் இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில் அதையும் பார்த்தார்கள். பெற்றோர் இந்தப் பிள்ளைகளைப் பெண் பொம்மைகளோடு விளையாடச் சொல்லி மற்ற மகள்களைவிட அதிகமாகவே ஊக்கப்படுத்தியிருந்தார்கள். அப்படியும் லாரி ஜெயித்தது.

இதைச் சொன்னால் உடனே இரண்டு கட்சி கிளம்பும். 'பார்த்தாயா, எல்லாம் பிறவியிலேயே எழுதியது' என்பது ஒன்று. 'இதெல்லாம் பெண்ணை அடக்கச் சொல்கிற கதை' என்பது இன்னொன்று. இரண்டும் அவசரம். அந்த மரபணு லாரியைப் பற்றி ஒன்றும் அறியாது. அது ஒரு நொதிக்கான செய்முறை. பிழைபட்டால் ஒரு ஹார்மோன் குறைகிறது, இன்னொன்று கூடுகிறது. கூடியது வளரும் மூளையில் எதையோ கொஞ்சம் சாய்க்கிறது. சாய்ந்ததும் கூட சராசரிக் கணக்கில்தான், பொம்மைக் குழந்தையைத் தாலாட்டிய சிறுமிகளும் அதில் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் தங்களைப் பெண் என்றே உணர்ந்து வளர்கிறார்கள். மரபணுவிலிருந்து நடத்தை வரை போகிற பாதை இவ்வளவு நீளம். நடுவில் எத்தனை மடை இருக்கிறது என்று எண்ணாமல் 'ரத்தம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

"அப்ப இவன் உப்பு திங்கறதுக்கு இன்னா காரணம்?" அம்மா விடவில்லை. நல்ல மாணவி.

"இவன் வயித்துல இருந்தப்ப உங்க பொண்ணுக்கு மசக்கை எப்பிடி?"

"அத்த ஏன் கேக்கறீங்க. அஞ்சு மாசம் வரைக்கும் வாந்தி. பச்சத் தண்ணி தங்கல. சாம்பல எடுத்துத் திண்ணா. அரிசிய மென்னுகினே இருப்பா."

சாம்பலும் மண்ணும் தின்பதற்குப் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு கூட இருக்கும், அது தனிக் கதை. எனக்கு வேண்டியது வாந்தி. அமெரிக்காவில் சியாட்டிலில் கிறிஸ்டல், பெர்ன்ஸ்டைன் என்ற இருவர் 1995-இல் கல்லூரி மாணவர்களிடம் உப்பு விருப்பத்தை அளந்து, அவர்களுடைய அம்மாக்களின் மசக்கையையும் விசாரித்தார்கள். கடுமையாக வாந்தி எடுத்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு உப்பின் மேல் நாட்டம் கூடுதல். பிறகு நான்கு மாதக் கைக்குழந்தைகளிடமும் அதே போக்கைப் பார்த்தார்கள். தாய் உடம்பில் உப்பும் நீரும் குறைந்த சேதி எப்படியோ வயிற்றுப் பிள்ளைக்குப் போய், 'வெளியே உப்புக்குப் பஞ்சம், கண்டால் விடாதே' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மரபணுவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இது பிறவிதான், ஆனால் பரம்பரை இல்லை. நம் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன.

இவன் விஷயத்தில் மசக்கைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை வைத்து அதைச் சொல்லவே முடியாது. வாசலில் உப்பு மலை மலையாய்க் கிடக்கிற ஊரில் ஒரு பையன் உப்பை வாயில் போடுவதற்கு ஆராய்ச்சியா வேண்டும்?

அப்போது வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. பாத்திகள் எதிரே கண்ணாடி கண்ணாடியாய்ப் பளபளத்தன. எனக்கு நீண்ட நாளாக வகுப்பில் சரியாக விளக்க முடியாமல் போன ஒன்று ஞாபகம் வந்தது.

"அதோ தெரியுதே குவியல், அதுல கடல் குடுத்த உப்பு எவ்வளவு, வெயில் குடுத்தது எவ்வளவும்மா?"

"இன்னா சாரு கேள்வி இது? கடத்தண்ணி இல்லாம உப்பு ஏது? வெய்யில் இல்லாம உப்பு ஏது?"

"சரி. ஒரு பாத்தியில அதிகமா வருது, பக்கத்துப் பாத்தியில கம்மியா வருது. அது எதனால?"

"அது தண்ணியப் பொறுத்துது. டிகிரி ஏறின தண்ணி வுட்டா சீக்கிரம் பூக்கும். இருவத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு. வெறும் கடத்தண்ணிய வுட்டுட்டு ஒக்காந்துகினா எப்ப வெளையறது?"

"ரெண்டு பாத்திக்கும் வெயில் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். இதுல பாதிக்கு மேல நிழல் வுழுந்தா அப்ப வேற கத."

இவ்வளவுதான் விஷயம். ஒரு குவியலை எடுத்துக்கொண்டு இதில் கடல் பாதி, வெயில் பாதி என்று பிரிக்க முடியாது. இரண்டு பாத்திக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரிக்கலாம். எல்லாப் பாத்திக்கும் ஒரே வெயில் என்றால் வித்தியாசம் முழுக்கத் தண்ணீரால் வந்தது. நிழல் ஏற்றத்தாழ்வாக விழுந்தால் அதே தண்ணீருக்கு வித்தியாசம் வெயிலால் வரும். இரட்டையர் ஆய்வுகளில் வருகிற 'மரபுப் பங்கு' என்கிற சதவீதம் இந்த வித்தியாசக் கணக்குதான். ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டையரையும் தனித்தனிக் கருவாகப் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டு அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். ஐம்பது வருஷத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் ஒரு தொகுப்பு வந்தது. 17,804 இயல்புகள், ஒரு கோடியே 45 லட்சம் இரட்டைச் சோடிகள். சராசரி மரபுப் பங்கு 49 சதவீதம். செய்தித்தாள்கள் 'பாதி பிறவி, பாதி வளர்ப்பு' என்று போட்டன. உங்கள் கோபத்தில் பாதி தாத்தாவுடையது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த ஊர்களில், அந்தக் காலத்தில், ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் பாதி மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போயிற்று என்று மட்டும் அர்த்தம். அந்த ஊர்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளவை. சாப்பாடும் பள்ளிக்கூடமும் ஓரளவு எல்லாருக்கும் கிடைக்கிற இடத்தில் வெயில் சமம், தண்ணீர் வித்தியாசம் எடுத்துத் தெரியும். ஒரு வீட்டில் பால், பக்கத்து வீட்டில் கஞ்சித் தண்ணீர் என்கிற இடத்தில் நிழல்தான் பேசும்.

உப்புக்கே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் வருஷா வருஷம் இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கே வந்த சோடிகளிடம், எவ்வளவு நீர்த்த கரைசல் வரை உப்பு என்றும் புளிப்பு என்றும் நாக்கு கண்டுபிடிக்கிறது என்று சோதித்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. புளிப்பில் மரபுப் பங்கு பாதிக்குக் கொஞ்சம் மேல். உப்பில் மரபின் தடயமே தெரியவில்லை. இன்னொரு பக்கம், உப்பைக் குறைத்து ஐந்து மாதம் சாப்பிட வைத்தவர்களுக்கு முன்பு பிடித்த சூப் கரிக்க ஆரம்பித்தது, 1982-லேயே பார்த்தது. ஆக, உப்பு வேண்டும் என்பது மனித இனத்துக்கே பொதுவான கடல் தண்ணீர். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் வீட்டுச் சமையல். நாளுக்கு ஐந்து கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டு ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அதை மதிய வேளைக்குள் தாண்டிவிடும்.

"டப்பாவ ஒளிச்சி வெச்சது சரிதான், அப்படியே இருக்கட்டும்" என்றேன். "கொழம்புலயும் கொஞ்சம் கொறச்சிப் பாருங்க. ரெண்டு மாசத்துல நாக்கு பழகிடும்."

"தம்பிக்கு யாரு சொல்றது? தட்டத் தூக்கி வீசுவான்."

கூட்டம் எழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா, பெரியம்மா? சாரு கணக்குல" என்றார். நானும் ஊற்றச் சொல்லித் தலையசைத்தேன். அம்மா கிளாஸை உள்ளங்கையால் மூடினார்.

"வேணாம்ப்பா. பதினோரு மணி வரைக்கும் அளத்துல நிக்கணும். அங்க எங்க போறது? ஆம்பளைங்க வரப்பு ஓரமா ஒதுங்கிக்கறாங்க. நாங்க இன்னா பண்றது? அதான் அரை டீ. தண்ணியும் ரெண்டு மடக்குதான்."

அவ்வளவு நேரம் பேசியதில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. ரத்தத்தில் உப்புச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை தாகத்தை மூட்டிவிடும். உயிர் பிழைக்க நமக்குள் வைத்திருக்கும் பொறிகளில் அதைவிடப் பழையது, அதைவிடப் பிடிவாதமானது அதிகம் இல்லை. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று பழமொழியே இருக்கிறது. இங்கே வியர்வையில் உப்பும் நீரும் வடிய, நாள்தோறும் அந்தப் பொறியை உள்ளங்கையால் மூடிவைத்துவிட்டு ஒருத்தி பாத்தியில் இறங்குகிறாள். மறைவாக ஒரு கழிப்பறை இல்லை என்பதால். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரை அளந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது. மரபணுவைத் தேடி நான் பால்டிமோர் வரை போய்விட்டு வந்தேன். பக்கத்து கிளாஸைப் பார்க்கவில்லை.

அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகி, தலைக்குத் துண்டைச் சுற்றினார். கிளாஸில் ஒரு வாய் டீ மிச்சம் இருந்தது. பேரனிடம் நீட்டினார். அவன் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஆயா, சக்கர தூக்கலா இருக்குது" என்றான்.